புல்லுக்கு மேலே

சாண்ட்ஹோம்
10 ஜூன் 1963

அன்புள்ள ஜெரார்ட்,

இன்று காலைப் பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில். நம் குடும்பத்தில் முதல் பக்கத்துக்குப் போன ஆள் நீதான். உன் அப்பா இத்தனை வருடம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தும் அந்தப் பக்கம் போகாமலே சமாளித்துவிட்டார்.

படத்தில் நீ அடிப்பவனுக்குப் பின்னால், ஸ்லிப்பில் குப்புற விழுந்து கிடக்கிறாய். கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருக்கின்றன. பந்து உன் விரல்களுக்கு முன்னால் இருக்கிறது. புல்லின்மேல் இருக்கிறது. கீழே எழுதியிருந்ததையும் படித்தேன். எதிரணிக் கேப்டன் ரெக்ஸ் டன்னிங் உன்னைப் பார்த்து, பிடித்தாயா என்று கேட்டாராம். பிடித்தேன் என்றாயாம். அம்பயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் மட்டையை இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டாராம். சதத்துக்கு நாலு ரன் பாக்கி.

சந்தேகம் வந்தால் அடித்தவன் கேட்பான், பிடித்தவன் சொல்வான், அதற்குமேல் பேச்சில்லை. கல்யாணமான புதிதில் உன் அப்பா என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான். ரன் எண்ணுவதைக்கூட அப்புறம்தான் சொன்னார்.

அடுத்த வீட்டுத் திருமதி பிளேட்ஸ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கேமரா கோணத்த மாத்திக் காட்டும் வினிஃப்ரெட், மனசுல வெச்சுக்காத" என்றாள். அவள் ஆறுதல் சொல்கிற அளவுக்கு என் நிலைமை வந்திருக்கிறது.

எனக்கு ஒரே கேள்விதான். பிடித்தாயா?

மழைக்கோட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் தாய்,
வினிஃப்ரெட் ஐன்ஸ்கோ


ஹோவ்
13 ஜூன்

அன்புள்ள அம்மா,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வங்கிக்காரருக்கு எழுதுவதுபோல. பள்ளிக்கூடத்து ஜன்னலை உடைத்தபோதுகூட "அம்மா" என்றுதான் போட்டீர்கள்.

படத்தைப் பார்த்தேன். என் வழுக்கையை இவ்வளவு தெளிவாக எடுத்ததற்கு அந்த ஆள்மீது வழக்குப் போடலாம். பந்தைப் பற்றிக் கேட்டால், எனக்குத் தெரிந்ததை டன்னிங்கிடம் சொன்னேன். அவன் "பிடிச்சியா ஜெரார்ட்?" என்றான். "பிடிச்சேன்" என்றேன். "சரிப்பா" என்று போய்விட்டான். அவ்வளவுதான். அரை விநாடி சமாசாரம். மறுநாள் பத்திரிகையில் பார்த்தபிறகுதான் எல்லாருக்கும் கோபம் வந்தது.

இங்கே கடல்காற்றில் பந்து அழகாக வளைகிறது. நேற்று நாலு விக்கெட். நாற்பது வயதில் இந்தத் தோள் இன்னும் சுழல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம். நம் கவுண்டி அணி சாம்பியன் ஆனதே இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்கோட்டு அங்கேயே இருக்கட்டும். இந்த வருடம் மழை எங்களுக்கு வேண்டாத விருந்தாளி.

அன்புடன்,
ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
16 ஜூன்

அன்புள்ள ஜெரார்ட்,

"எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்" என்பது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எங்கள் கான்வென்டில் மதர் ஆக்னஸிடம் இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையில் வளைத்து, "எது தெரியும்?" என்று பக்கத்தில் எழுதியிருப்பார்.

இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது, காய்கறிக் கடை ஹெப்வொர்த் என் காதில் விழும்படியே தன் மைத்துனனிடம் சொன்னான்: "ஐன்ஸ்கோ வீட்டுப் பையன் இப்ப புல்லோட சேத்துப் பிடிக்கிறானாம்ல. கொஞ்ச நாள்ல வேரோட பிடுங்குவான்." இருவரும் சிரித்தார்கள். நான் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தேன். எனக்கு எழுபத்தோரு வயது. ஒருவனுக்குப் பதில் சொல்லாமல் நடந்து வந்தது இதுதான் முதல் தடவை.

உன்னை எனக்குத் தெரியும். சோம்பேறி, பிடிவாதக்காரன், உருளைக்கிழங்கைத் தவிர வேறு காய் தின்னமாட்டாய். பொய் மட்டும் சொன்னதில்லை. பதினேழு வருடம் ஆடியிருக்கிறாய். மட்டையின் ஓரத்தில் லேசாகப் பட்டிருந்தாலும் அம்பயர் விரலைத் தூக்கும்வரை நின்றவனில்லை. அதனால்தான் கேட்கிறேன். படம் பொய்யா, நீ பொய்யா? மூன்றாவதாக ஒன்று இருந்தால் அதைச் சொல்.

வினிஃப்ரெட் ஐன்ஸ்கோ


நார்தாம்ப்டன்
20 ஜூன்

அம்மா,

மூன்றாவது எதுவும் இல்லை. தயவுசெய்து இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

மைதானத்தில் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. எல்லைக் கயிற்றுப் பக்கம் போனால் "ஏய், புல்லு மேய்ஞ்சாச்சா?" என்கிறார்கள். அது பரவாயில்லை. ஆனால் நேற்று ஒரு பந்தை இடுப்பு உயரத்தில் பிடித்தேன். யாருக்கும் சந்தேகம் வர வழியில்லாத பந்து. அடித்தவன் அசையாமல் நின்றான். அம்பயரைப் பார்த்தான். அம்பயர் விரலைத் தூக்கிய பிறகுதான் நகர்ந்தான். பத்தொன்பது வயது இருக்கும் அவனுக்கு. என்னைக் கேட்கவே இல்லை. இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
9 ஜூலை

அன்புள்ள ஜெரார்ட்,

பத்தொன்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அதனால் பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கதவு இடுக்கில் அது விழுகிற சத்தத்துக்கு முன்பே எழுந்து படியில் உட்கார்ந்துவிடுகிறேன். குளிர்கிறது.

பத்திரிகை சொல்வது இது. பந்து வீசும்போது நீ பழைய ஜெரார்ட். மட்டையைப் பிடித்தால் வேறு யாரோ. கடந்த ஏழு ஆட்டத்திலும் ஸ்டம்ப் சாய்ந்துதான் அவுட் ஆகியிருக்கிறாய், ஒருமுறைகூடக் கேட்ச் இல்லை. பந்து எங்கே விழுகிறதென்று தெரிந்தவன் தப்பாக அடித்தாவது அவுட் ஆவான். பந்து வந்ததே தெரியாதவனுக்குத்தான் ஸ்டம்ப் சாயும். இதுவும் உன் அப்பா சொன்னதுதான். ஸ்லிப்பில் மூன்று கேட்ச் விட்டிருக்கிறாய். மூன்றும் உன் இடது பக்கம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதை இங்கே நிறுத்திவிட்டு, வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

ஈஸ்டர் ஞாயிறன்று நீ இங்கே வந்திருந்தாய். உன் இடது கன்னத்தில் மஞ்சளாகக் கன்றிய ஒரு தடம் இருந்தது. வலைப்பயிற்சியில் பந்து எகிறிப் பட்டது, ஒன்றுமில்லை என்றாய். சாப்பாடு முடிந்ததும், "நான் ஊத்தறேன்மா" என்று தேநீர்ப் பானையை எடுத்தாய். ஊற்றினாய். கோப்பைக்கு ஒரு விரல் தள்ளி, மேஜைவிரிப்பின்மேல் ஊற்றினாய். அது என் கல்யாணத்துக்கு வந்த லினன் விரிப்பு. உன்னை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. "எங்கடா பாத்து ஊத்தற, கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய்.

உன் இடது கண்ணுக்கு என்ன, ஜெரார்ட்?

அம்மா


வூஸ்டர்
12 ஜூலை

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை ஓய்வறையில் பிரித்தேன். படித்துவிட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டுவதுபோல ரொம்ப நேரம் குனிந்தே இருந்தேன். எங்கள் விக்கெட் கீப்பர் ஆல்ஃப், "என்ன கேப்டன், காதல் கடிதமா? பொண்ணு வேண்டான்னுட்டாளா?" என்றான்.

சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் பட்ட அந்த அடிக்குப் பிறகு இடது கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்க ஆரம்பித்தது. ஈஸ்டரில் பாதி இறங்கியிருந்தது. மே முதல் வாரம் முழுக்க இறங்கிவிட்டது. லண்டனில் ஒரு கண் டாக்டரிடம் வேறு பெயர் சொல்லிக்கொண்டு போனேன். உள்ளே கிழிந்துவிட்டது, தாமதமாக வந்திருக்கிறீர்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். புத்தகக் கடை என்றேன். "நல்லதாப் போச்சு. இன்னொரு கண்ணப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்றார்.

பந்து வீசுவதற்குக் கண் வேண்டாம் அம்மா. கால் எங்கே விழும், கை எப்போது விடும் என்பது உடம்புக்கே தெரியும். மட்டை பிடிப்பதுதான் கஷ்டம். பந்து வருவது தெரிகிறது, எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்பது தெரியவில்லை. ஸ்லிப்பிலும் அப்படித்தான்.

டன்னிங் விஷயம். விழுந்தேன். எழுந்தபோது பந்து கைக்குள் இருந்தது. இத்தனை வருடமும் கைக்குள் பந்து இருந்தால் அது பிடித்த பந்துதான். அவன் கேட்டான், சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்துச் சொல்லவும் இல்லை. மறுநாள் படத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மை தெரிந்தது. அப்போதே போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சொன்னால் என்ன ஆகும்? "எனக்கு ஒரு கண் இல்லை" என்று சொன்ன நிமிடத்திலேயே என் ஆட்டம் முடிந்தது. சொல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். ஏமாற்றுக்காரன் செப்டம்பர் வரை ஆடலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். அணியை எழுதுகிறவன் நான்தான், என் பெயரை நானேதான் அடிக்க வேண்டும். இப்போது நாங்கள் முதலிடத்துக்கு எட்டுப் புள்ளி பின்னால் இருக்கிறோம். இந்தப் பையன்களை நான் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்தவன். நான் வீசாவிட்டால் ஜெயிக்கமாட்டோம் என்பது கர்வமில்லை, கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. செப்டம்பருக்குப் பிறகு நான் யாரென்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள். திருமதி பிளேட்ஸிடம் கண்டிப்பாக வேண்டாம்.

ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
15 ஜூலை

அன்புள்ள ஜெரார்ட்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதை உங்கள் அணிக் கமிட்டித் தலைவருக்கே எழுதியிருந்தேன், தபால்தலைகூட ஒட்டிவிட்டேன். மூன்றாவது கெஞ்சலாக இருந்தது. எனக்கு அது பழக்கமில்லை, நன்றாகவும் வரவில்லை.

யாரிடமும் சொல்லமாட்டேன். நீ கேட்டதால் அல்ல. சொல்ல வேண்டியவன் நீ.

ஆனால் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உனக்கு ஒரு கண் இருக்கிறது. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அந்த ஒரு கண்ணுக்கு நேராக, மணிக்கு எண்பது மைல் வேகத்தில் ஒருவன் தோல் பந்தை எறிவான், அதற்கு எதிரில் நீ ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு நிற்பாய், நான் இங்கே உட்கார்ந்து செப்டம்பர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டும். தொலைபேசி அடித்தால் எடுப்பதற்குமுன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். நேற்று அடித்தது பால்காரர். அவரிடம் நான் பேசிய விதத்துக்கு அவர் இன்று பால் போடாவிட்டாலும் ஆச்சரியமில்லை.

ஊரில் உன்னை ஏமாற்றுக்காரன் என்கிறார்கள். உண்மை என்னிடம் இருக்கிறது, வாயைத் திறக்க முடியாது. ஹெப்வொர்த் கடையில் காய் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

இரண்டு விஷயத்துக்கு ஒப்புக்கொள். ஸ்லிப்பில் நிற்காதே. கடைசி ஆளாக இறங்கு.

ஒரு கண்ணை மறைப்பதற்காக உன் பெயரையே விலையாகக் கொடுத்திருக்கிறாய். இன்னொரு கண்ணையும் கொடுத்துவிட்டு வராதே.

அம்மா


லெஸ்டர்
8 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மா,

நாளைப் பத்திரிகையில் பார்ப்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். படித்துவிட்டீர்களா? சரி.

இன்று ஒரு பந்து எகிறி வலது புருவத்துக்கு மேலே உரசிக்கொண்டு போனது. இரண்டு தையல். கண்ணுக்கு ஒன்றுமில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்ணைத்தான் பார்த்தார், இடது கண்ணைப் பார்க்கவில்லை. அவர் விளக்கை நகர்த்தும்போது எனக்குக் கை வியர்த்துவிட்டது. பந்து வந்தபோதுகூட அப்படி வியர்க்கவில்லை.

நீங்கள் சொன்னபடியே செய்திருக்கிறேன். பதினோராவதாக இறங்கினேன், முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. ஆனால் பதினோராவது ஆளும் பந்தைச் சந்திக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஸ்லிப்பில் ஹரால்ட் பைக் நிற்கிறான். நான் தூரத்தில் மிட்-ஆனில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறேன். ஆல்ஃப் கேட்டான், "என்ன கேப்டன், பென்ஷன் வாங்கிட்டீங்களா?"

முதலிடத்தில் இருக்கிறோம் அம்மா. இரண்டு புள்ளி முன்னால்.

ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
10 ஆகஸ்ட்

ஜெரார்ட்,

உன் கடிதத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்பதைப் படித்தேன். நீ சொன்னபடி முதலிலேயே படித்தேன். பிறகு மற்றதைப் படித்தேன். பிறகு அடுப்பில் பால் வைத்ததை மறந்து, பாத்திரம் கருகிவிட்டது.

இரண்டு தையல் என்றால் எவ்வளவு இடைவெளி? கண்ணுக்கு மேலே எத்தனை விரல்? அதை எழுது. ஒரு விரலா?

உன் அப்பாவிடம் தினமும் இதைச் சொல்கிறேன், போய்ச் சேர்ந்தவருக்கு என்ன கேட்கும் என்று தெரியவில்லை.

அம்மா


ஆல்டர்கேட்
24 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மா,

ஒரு விரல்தான். கேட்டதால் சொல்கிறேன்.

வருகிற புதனன்று எங்கள் கடைசி ஆட்டம், சொந்த மைதானத்தில். ஜெயித்தால் சாம்பியன். வெற்றி தோல்வியின்றிச் சமமாக முடிந்தால் யார்க்ஷயர்காரர்களோ வேறு யாரோ கொண்டுபோய்விடுவார்கள். எதிரணி யாரென்று நீங்களே பார்த்திருப்பீர்கள். டன்னிங்.

இன்னொரு செய்தி. ஹரால்டுக்கு விரல் முறிந்துவிட்டது. ஸ்லிப்புக்குப் பழகிய கை வேறு யாருக்கும் இல்லை. அங்கே பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். நான் நிற்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வரவேண்டாம். அப்பா போனதிலிருந்து நீங்கள் மைதானத்துக்கு வந்ததில்லை, இப்போதும் வேண்டாம். நீங்கள் இருப்பது தெரிந்தால் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் பார்ப்பதற்கு அதிகம் இல்லை.

ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
26 ஆகஸ்ட்

அன்புள்ள ஜெரார்ட்,

உன் விருப்பம் தெரிந்தது.

மழைக்கோட்டைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். புதனும் வியாழனும் மழை என்கிறார்கள்.

அம்மா


ஆல்டர்கேட்
31 ஆகஸ்ட்

அன்புள்ள அம்மா,

வானொலியில் முடிவைக் கேட்டிருப்பீர்கள். சமம். சாம்பியன் நாங்கள் இல்லை. காரணம் நான். அது வானொலியில் எந்த அளவுக்கு வந்ததென்று தெரியவில்லை, அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நேற்று மாலை. அவர்களுக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. கால் மணி நேரம்தான் பாக்கி. டன்னிங்கும் கடைசி ஆளும் நிற்கிறார்கள். ரன் எடுக்கிற எண்ணமே இல்லை, நேரத்தைக் கடத்தினால் போதும். எங்களுக்கு ஒரே ஒரு விக்கெட் வேண்டும். எங்கள் பையன் லென் பார்ட்டில் வீசினான். டன்னிங் மட்டையின் ஓரத்தில் பட்டது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. இடது பக்கம், கீழே. அந்தப் பக்கம் எனக்கு எதுவுமே இல்லை அம்மா, சுவர்தான். சத்தம் வந்த திசையில் விழுந்தேன்.

பந்து கைக்குள் இருந்தது.

எல்லாரும் கத்தினார்கள். தொப்பியெல்லாம் மேலே போயிற்று. ஆனால் வீசிவிட்டு லென் குறுக்கே ஓடி வந்துவிட்டதால் அம்பயர் பார்க்கவில்லை. எதிர்ப்பக்க அம்பயரைக் கேட்டார். அவரும் தெரியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டார். ஆல்ஃப் என் பக்கம் பாய்ந்து புல்லில் முகம் புதைத்துக் கிடந்தான். மைதானம் மெல்ல அடங்கிப்போயிற்று.

டன்னிங் நகரவில்லை. மட்டையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக ஒருவன் என்னைக் கேட்டான்.

"சொல்லுப்பா ஜெரார்ட். இந்தத் தடவ எங்க பிடிச்ச? புல்லுக்கு மேலயா, கீழயா?"

அவர்களில் இரண்டு மூன்று பேர் பெவிலியனிலிருந்து சிரித்தது கேட்டது. ஆல்ஃப் எழுந்து, "சொல்லுங்க கேப்டன், சொல்லித் தொலைங்க!" என்றான். அம்பயரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம் கவுண்டிக்கு வராத ஒன்று, அப்பாவுக்குக் கிடைக்காத ஒன்று, அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. கைக்குள் பந்து இருந்தது. ஜூனிலும் இருந்தது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

"என்னது?"

"எனக்குத் தெரியல ரெக்ஸ். நான் பாக்கல. இந்தக் கண்ணு போயிடுச்சு. மே மாசமே போயிடுச்சு."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கிட்டத்தில் வந்தான். கையைத் தூக்கி என் இடது பக்கம் ஆட்டினான், குழந்தைக்கு ஆட்டுவதுபோல. நான் அசையவில்லை.

"ஜூன்லயுமா?"

"ஜூன்லயும்."

"அட மடையா. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. மூணு மாசமா ஊர் ஊரா உன்னத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

நான் அம்பயரிடம் கேட்ச் கேட்பதைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொன்னேன். நாட் அவுட். லென் என்னைப் பார்க்காமல் பந்தை வாங்கிக்கொண்டு போனான். அவன் மீதி நேரமும் நன்றாகத்தான் வீசினான். நானும் வீசினேன். டன்னிங் ஒன்றையும் விடவில்லை. மணி அடித்துவிட்டது.

ஓய்வறைக்கு வந்தோம். ஷூ கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஆல்ஃப்தான் வாயைத் திறந்தான். "கேப்டன், ஒரு சந்தேகம். நீங்க பத்து வருஷமா என் தேநீரத் தட்டி விட்டுக்கிட்டு இருக்கீங்களே, அதுக்கு எந்தக் கண்ணு காரணம்?" லென் முதலில் சிரித்தான். அது எனக்குப் போதும்.

கமிட்டிக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். அலமாரியைக் காலி செய்தேன். பதினேழு வருடம் ஒரு பெட்டியில் அடங்கிவிட்டது, மேலே உங்கள் மழைக்கோட்டு. நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ராத்திரி முழுக்க அந்தப் பந்துதான். மேலேயா, கீழேயா? கீழே என்றால் சரியாகச் செய்தேன். மேலே என்றால் பதினோரு பேருடைய வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டே தொலைத்தேன். யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை படம்கூட இல்லை.

ஜெரார்ட்


சாண்ட்ஹோம்
2 செப்டம்பர்

அன்புள்ள ஜெரார்ட்,

வரமாட்டேன் என்று நான் எழுதவில்லை. உன் விருப்பம் தெரிந்தது என்றுதான் எழுதினேன். மதர் ஆக்னஸ் இதை ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை.

மூன்று நாளும் வந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினேன். படுக்கை ஈரம், முட்டை வேகவில்லை. ஸ்லிப்புக்கு நேர் பக்கவாட்டில், எல்லைக் கயிற்றுக்கு அப்பால், நீ திரும்பிப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவின் தொலைநோக்கி என்னிடம் இருந்தது. பக்கத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவர். மூன்று நாளில் நாலு வார்த்தை பேசியிருப்போம். முதல் நாள் அவர், "யாரோட ஆளும்மா நீங்க?" என்றார். கேப்டனோட அம்மா என்றேன். ஒரு நிமிடம் சங்கடப்பட்டார். பிறகு தன் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

நீ வீசியபோதெல்லாம் மூச்சு விட்டேன். மட்டையுடன் இறங்கியபோது விடவில்லை. ஆறு பந்து சந்தித்தாய், நான் ஆறு தடவை கிழவியானேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பந்தை நான் பார்த்தேன். மட்டையிலிருந்து உன் கைவரை, முழுசாகப் பார்த்தேன். பந்து தரைக்கு வரவே இல்லை. உன் இடது கை அதன் அடியில் போயிற்று, விரல்கள் மேலே பார்த்திருந்தன, அதன் பிறகுதான் உன் முழங்கை தரையைத் தொட்டது. என் பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்று, "அவுட்டு! சுத்தமான அவுட்டு!" என்று கத்தினார். தொலைநோக்கி இல்லாமலே அவருக்குத் தெரிந்தது.

புல்லுக்கு மேலே, ஜெரார்ட். ஒரு சாண் மேலே. நீ பிடித்தாய்.

நீ அம்பயரிடம் போய்ப் பேசியபோது நான் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். அவர்கள் கேட்டது உன்னை. நீ பார்க்காததை, பார்க்கவில்லை என்று சொன்னாய். அதற்குமேல் என் வாய்க்கு அங்கே வேலை இல்லை. ரயில்வேக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உன் அப்பா இருந்திருந்தால் சாம்பியன் போனதற்காக ஒரு வாரம் யாருடனும் பேசியிருக்கமாட்டார். அதன் பிறகு உன்னைப் பற்றி மட்டும்தான் பேசியிருப்பார்.

ஜூன் மாதம் உன்னை ஒரு கேள்வி கேட்டேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்று காலை ஹெப்வொர்த் கடைக்குப் போனேன். பத்திரிகையைப் படித்திருக்கிறான். "அம்மா, நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். "ரெண்டு பவுண்டு உருளைக்கிழங்கு, பெரிசா இல்லாம" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஞாயிறு வா. செப்டம்பருக்குப் பிறகு நீ யார் என்று கேட்டிருந்தாய். முதலில் வந்து சாப்பிடு, அப்புறம் யோசிப்போம். லண்டனில் வேறொரு டாக்டர் இருப்பதாகத் திருமதி பிளேட்ஸ் சொல்கிறாள். ஆமாம், அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது ஊருக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. இந்தத் தடவை உன் சொந்தப் பெயரைச் சொல்லிப் போகலாம்.

லினன் விரிப்பைத்தான் போடப்போகிறேன். கறை போகவில்லை, போகவும் வேண்டாம். தேநீரை நீயே ஊற்று. கோப்பையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா